அம்முவின் கன்னத்துப் பொட்டு

சுஜாவுக்குப் பொறாமை கிடையாது. அப்படித்தான் அவள் சொல்லிக்கொண்டிருந்தாள். கேட்டவர்களிடமும் சொன்னாள், கேட்காதவர்களிடமும் சொன்னாள், கரமனையில் மீன் வெட்டித் தருகிற அம்மாவிடம்கூடச் சொன்னாள். "எனக்கென்ன பொறாமை? கொழுந்தன் பொண்டாட்டி நல்லா இருந்தா நமக்குத்தானே பெருமை." பொறாமை இல்லாதவள் எதற்காக இப்படித் தெருத்தெருவாகப் போய்ச் சத்தியம் செய்ய வேண்டும்? மீன்காரிக்கே சிரிப்பு வந்தது.

விஷயம் ஒரு மெஷினில் தொடங்கியது. பார்க்கப் பிரிண்டர் மாதிரி இருக்கும், ஆனால் உள்ளே மை கிடையாது, பேனா முனை அளவுக்கு ஒரு கத்தி. கம்ப்யூட்டரில் கோடு போட்டுக் கொடுத்தால் அந்தக் கோட்டின் மேலேயே ஓடி வினைல் ஒட்டுத்தாளை வெட்டித் தரும். கேக்கில் குத்துகிற பெயர், ஸ்கூட்டரில் ஒட்டுகிற படம், கல்யாண மண்டபத்து வாசலில் வைக்கிற மாப்பிள்ளை பெண் முகம், எல்லாம் அதில் வெட்டுவதுதான். கிள்ளிப்பாலத்து வாடகை வீட்டின் முன்னறையில் சுஜா அதை வைத்துத் தொழில் ஆரம்பித்தபோது அந்தப் பக்கத்தில் வேறு யாரிடமும் அது இல்லை.

மெஷினை யார் வேண்டுமானாலும் வாங்கலாம், அது பெரிய காரியமில்லை. காரியம் அதற்கு முந்தி இருக்கிறது. வாட்ஸாப்பில் வருகிற போட்டோவை அப்படியே மெஷினுக்குக் கொடுக்க முடியாது. போட்டோ என்பது பொடிப்பொடிக் கட்டங்கள். பெரிதாக்கிப் பார்த்தால் பாத்ரூம் டைல்ஸ் மாதிரி தெரியும். கத்திக்கு அது ஒன்றும் விளங்காது, அதற்குக் கோடுதான் வேண்டும். போட்டோவைக் கோடாக மாற்ற சாஃப்ட்வேரில் 'டிரேஸ்' என்று ஒரு பட்டன் உண்டு. தட்டினால் மாற்றித் தந்துவிடும். ஆனால் அது நிழலுக்கும் கோடு போடும், கறைக்கும் கோடு போடும், மூக்குக்குக் கீழே வெளிச்சம் குறைந்தால் கல்யாணப் பெண்ணுக்கே மீசை வைத்துவிடும். சுஜா பட்டனைத் தட்டியதோடு எழுந்து போகமாட்டாள். உட்கார்ந்து ஒவ்வொரு வளைவாகப் பிடித்து இழுத்து, வேண்டாத புள்ளியை நீக்கி, வேண்டிய இடத்தில் கோட்டை மெலிய வைத்துக் கையால் திருத்துவாள். அதனால் அவள் வெட்டிய முகத்தைப் பார்த்தால் இன்னார் என்று தெரியும்.

இந்த ஒரு விஷயத்தில்தான் அந்தக் குடும்பத்தில் அவளுக்குப் பெயர். அவள் புருஷன் செல்வகணேஷ் சாலைக் கடைத்தெருவில் பாத்திரக் கடையில் நிற்கிறான். நல்ல மனுஷன், ஆனால் பெண்டாட்டியைப் பாராட்டவேண்டும் என்று அவனுக்குத் தோன்றவே தோன்றாது. மாமியார் வடிவம்மாளோ சாம்பாரில் உப்பு சரியாக இருந்தால் வாயைத் திறக்காதவள், குறைந்தால் மூன்று வீட்டுக்குக் கேட்கிறமாதிரி சொல்பவள். அந்த வடிவம்மாளே ஒருநாள் கோயில் பிராகாரத்தில் நாலு பேர் முன்னால், "எங்க சுஜாட்ட ஒரு போட்டோ குடுத்தா போதும், அந்த மொகத்தை அப்படியே வெட்டித் தந்துருவா" என்று சொல்லிவிட்டாள். அந்த ஒரு வார்த்தையைச் சுஜா எத்தனை நாள் வைத்துத் தின்றாள் என்று அவளுக்குத்தான் தெரியும்.

அப்புறம் ஸ்நேகா மெஷின் வாங்கினாள்.

ஸ்நேகா, கொழுந்தன் மஹேஷின் மனைவி. இரண்டு பேரும் கழக்கூட்டத்தில் சாஃப்ட்வேர் வேலை, அங்கேயே ஃபிளாட். பிரசவத்துக்கு லீவு எடுத்தவள், பிள்ளை தூங்குகிற நேரத்தில் சும்மா இருக்க முடியவில்லை என்று ஒரு மெஷினை வரவழைத்தாள். சுஜாவுடையதைவிட அகலமானது. "சுஜாக்காவைப் பார்த்துத்தான் எனக்கு ஆசையே வந்தது, கேட்டோ" என்று போனில் மலையாளம் கலந்து சொல்லிச் சிரித்தாள். சுஜாவும் சிரித்தாள். போனை வைத்தபிறகு முன்னறைக் கதவை அடித்த அடியில் மேல்வீட்டு விஜயம் மாமி எட்டிப் பார்த்தாள்.

ஸ்நேகாவுக்கு இன்ஸ்டாகிராமில் பக்கம் வந்தது, லோகோ வந்தது, கழக்கூட்டத்து ஃபிளாட்டில் இருக்கிறவர்கள் முழுக்க அவளிடமே போனார்கள். வளைகாப்புக்கு அவள், ஆபீஸ் ஃபேர்வெல்லுக்கு அவள், ஓணத்துக்கு டீ-ஷர்ட் முழுக்க அவள். போதாதற்கு வடிவம்மாளும் பேத்தியைப் பார்த்துக்கொள்ள அங்கேயே போய்த் தங்கிவிட்டாள். சுஜாவின் இரண்டு பிரசவத்திலும் முட்டுவலி என்று கட்டிலை விட்டு இறங்காத வடிவம்மாள்! அந்த முட்டுகள் இப்போது லிஃப்ட் வேலை செய்யாத நாளில் நாலு மாடி ஏறுகின்றன என்று கேள்விப்பட்டபோது சுஜாவுக்கு வயிறு எரிந்தது. எரியாதா பின்னே?

இதெல்லாம்கூடப் பொறுத்துக்கொண்டிருப்பாள். ஒருநாள் செல்வகணேஷ் சோற்றைப் பிசைந்துகொண்டே, "ஸ்நேகா வெட்டுற எழுத்து நல்ல ஃபினிஷிங், என்ன?" என்றான். சுஜா நிமிர்ந்து அவனை ஒரு பார்வை பார்த்தாள். அவனுக்கு ரசத்தை ஊற்றாமலே எழுந்து போனாள். அவன் பாவம், இன்று ரசம் இல்லை என்று நினைத்து மோரை ஊற்றிச் சாப்பிட்டு எழுந்தான்.

குழந்தைக்குப் பெயர் அனந்திகா, கூப்பிடுவது அம்மு. அம்முவின் முதல் பிறந்தநாளுக்குக் கொஞ்ச நாள் முன்னால் ஸ்நேகா போன் செய்தாள்.

"அக்கா, ஹாலுக்கு மத்தியில பெரிய போர்டு. அதுல அம்முவோட மொகம் மட்டும், கறுப்பு வெள்ளையில. நீங்கதான் செஞ்சு தரணும்."

"நீயே வச்சிருக்கியே பெரிய மெஷினு."

"மெஷின் இருந்து என்ன அக்கா, எனக்கு மொகம் வரமாட்டேங்குது. நான் டிரேஸ் போட்டா அம்முவுக்கு மீசை வருது. மஹேஷ் பார்த்துட்டு எங்க அப்பா மாதிரியே இருக்குன்னு சொல்லுறார்."

சுஜாவுக்குச் சிரிப்புப் பொத்துக்கொண்டு வந்தது. அந்த மீசையை நினைத்து நினைத்து அன்று முழுக்கச் சந்தோஷமாக இருந்தாள். ஆனால் சாயங்காலம் ஆகிறபோது வேறு மாதிரி தோன்ற ஆரம்பித்தது. இவளுக்கு முகம் வெட்டத் தெரியாமலா இருக்கும்? வேலைக்காரிக்குப் பழைய சேலை கொடுக்கிறமாதிரி, எனக்கு ஒரு வேலை கொடுத்து வைக்கிறாளோ? நல்ல வார்த்தையையும் இப்படிக் கசக்கிப் பிழிந்து அதில் விஷம் எடுக்கிற சாமர்த்தியம் சுஜாவுக்கு அந்த ஒரு வருஷத்தில் வந்திருந்தது.

போட்டோ எடுக்க அவளே கழக்கூட்டத்துக்குப் போனாள். பஸ் நெரிசலில் இடிபட்டு, ஹைவேயில் உயிரைக் கையில் பிடித்துக்கொண்டு ரோட்டைக் கடந்து, வேர்த்து விறுவிறுத்துப் போய்ச் சேர்ந்தால், குழந்தையைக் கண்ணில் காட்டவே நேரமாகியது. வடிவம்மாள் உள்ளறையில் கதவைச் சாத்திக்கொண்டு ஏதோ செய்துகொண்டிருந்தாள். ஸ்நேகா தாழ்ந்த குரலில் "வேண்டாம் அத்தே" என்று சொன்னது கேட்டது. உடுப்பு மாற்றுகிறார்கள் போலிருக்கிறது என்று சுஜா நினைத்தாள்.

கடைசியில் வடிவம்மாள் பிள்ளையைத் தூக்கிக்கொண்டு வந்தாள். இடது கன்னத்தில் புதிதாக வைத்த கறுப்புப் பொட்டு, ஈரம்கூடக் காயவில்லை. பாட்டியின் மோதிர விரல் நுனியிலும் மை இருந்தது.

"வா சுஜா. ரொம்பக் கறுத்துட்டே மக்கா."

வந்ததும் வராததுமாக இது. சுஜா பல்லைக் கடித்துக்கொண்டு போனை எடுத்தாள். ஸ்நேகா ஜன்னல் பக்கம் நின்று கிலுகிலுப்பையை ஆட்டினாள். அம்மு இரண்டு பல்லைக் காட்டிச் சிரித்தது. நல்ல போட்டோ. ஸ்நேகாவே எட்டிப் பார்த்து, "அடிபொளி அக்கா! எனக்கும் அனுப்புங்க" என்றாள்.

மறுநாள் பிள்ளைகள் ஸ்கூலுக்குப் போனபிறகு சுஜா வேலைக்கு உட்கார்ந்தாள். பட்டனைத் தட்டினாள். அம்முவுக்கு மீசை வந்தது. முதலில் மீசையை எடுத்தாள். நெற்றி முடியைச் சுருள் சுருளாகத் திருத்தினாள். கீழுதட்டில் எச்சில் மினுங்கிய இடத்தில் ஒரு சின்னக் கோட்டைப் பிரித்து விட்டாள். வேலை செய்யச் செய்ய மனசு அதில் இறங்கியது. குழந்தை முகத்துக்குக் கோடு அதிகம் போடக்கூடாது, போட்டால் கிழவியாகிவிடும். எதை விடுவது என்று தெரிய வேண்டும். சுஜாவுக்குத் தெரியும். உச்சி வெயில் ஏறுகிறபோது திரையில் அம்மு உயிரோடு சிரித்தது. இதுவரை செய்ததிலேயே இதுதான் நன்றாக வந்திருக்கிறது என்று அவளுக்கே பட்டது.

அதுதான் வினையாகிவிட்டது. இத்தனை நன்றாகச் செய்து யாருக்குக் கொடுக்கப் போகிறேன்? என் பிள்ளைகளுக்கு முதல் பிறந்தநாள் எப்படி நடந்தது? ஒரு கேசரி, ஒரு கோயில் அர்ச்சனை. அதற்கும் மாமியார் வரவில்லை. இவளுக்கு ஹால், கேமராமேன், வேலை, ஃபிளாட், அத்தனையும். கூடவே என் மெஷினும். இந்தப் பொட்டு வேறே! யார் கண் பட்டுவிடும் என்று இத்தனை பெரிய பொட்டு? படட்டுமே. பட்டால் என்ன? எல்லாம் இருக்கிறவர்களுக்குக் கண்ணாவது கொஞ்சம் படட்டும்.

சாஃப்ட்வேரில் தூசி எடுக்கிற வசதி ஒன்று உண்டு. போட்டோவில் அங்கங்கே பொட்டுப் பொட்டாக விழுகிற அழுக்கை நீக்குவதற்காக. ஒரு குமிழைப் பிடித்து வலப்பக்கம் நகர்த்தினால், குறிப்பிட்ட அளவுக்குக் கீழே இருக்கிற புள்ளிகள் எல்லாம் மறைந்துவிடும். சுஜா வழக்கமாக அதைக் கொஞ்சம்தான் நகர்த்துவாள். இன்று நகர்த்திக்கொண்டே போனாள். தூசி போனது. காதுக் கம்மல் போனது. கண்மணிக்குள் மின்னிய இரண்டு வெள்ளைப் புள்ளிகளும் போயின. அம்முவின் பார்வை சட்டென்று குருடானமாதிரி ஆகிவிட்டது. கடைசியில் கன்னத்துப் பொட்டு போனது.

சுஜா கையை எடுத்துக்கொண்டு கொஞ்ச நேரம் பார்த்தாள். பிறகு கம்மலைத் திரும்ப வரைந்தாள். கண்ணில் வெளிச்சத்தையும் திரும்ப வைத்தாள், அது இல்லாமல் அவளால் முடியாது, முகம் செத்துக் கிடக்கும், தொழிலுக்கே அவமானம். பொட்டைத் திரும்ப வைக்கவில்லை. ஒரே ஒரு வட்டம், ஒரு நொடி வேலை. வைக்கவில்லை. யாராவது கேட்டால் சொல்லப் பதில் இருக்கிறது, சாஃப்ட்வேர் தூசி என்று எடுத்துவிட்டது. பொய்யும் இல்லையே அது!

வழக்கமாக யாருக்கு வெட்டினாலும் முதலில் படத்தை அனுப்பி ஓகே வாங்குவாள். ஸ்நேகாவுக்கு மட்டும் அனுப்பவில்லை. "சர்ப்ரைஸ்" என்றாள்.

பிறந்தநாள் அன்று ஃபிளாட்டுக்குக் கீழே இருக்கிற ஹாலில் விசேஷம். சுஜா போர்டைப் பழைய பெட்ஷீட்டில் சுற்றி ஆட்டோவில் கொண்டுவந்து, மேடையில் நிறுத்தி, எல்லோரும் வந்தபிறகு துணியை உருவினாள். அம்முவின் முகம் ஆள் உயரத்துக்குச் சிரித்துக்கொண்டு நின்றது. மஹேஷின் ஆபீஸ் ஆட்கள் ஓடி வந்து போட்டோ எடுத்தார்கள். "இது யாரு செஞ்சது?" என்று மலையாளத்தில் ஒருத்தி கேட்டாள். "என்டே சேட்டத்தி" என்று மஹேஷ் தன் அண்ணி சுஜாவைக் காட்டினான். செல்வகணேஷ்கூடக் கையைக் கட்டிக்கொண்டு போர்டையே பார்த்துவிட்டு, "கொள்ளாம்ட்டி" என்றான். அவன் வாயிலிருந்து அந்தப் பாராட்டு வந்ததே பெரிசு. சுஜாவுக்கு உள்ளே குளிர்ந்தது. ஒரு வருஷத்து எரிச்சல் அப்படியே இறங்கினமாதிரி இருந்தது.

அப்போது வடிவம்மாள் கண்ணாடியை மாட்டிக்கொண்டு மேடைக்கு வந்தாள்.

"ஏட்டி சுஜா, பொட்டு எங்கட்டி?"

"எந்தப் பொட்டு அத்தே?"

"கன்னத்துல வச்சிருந்தேனே. நீ போட்டோ எடுக்கச்சுல இருந்ததுல்லா? ஊரு முழுக்க வந்து மொகத்தைப் பாக்குது, இப்படி வெறும் கன்னமா நிக்க வச்சிருக்கியே!"

பக்கத்தில் நின்றவர்கள் திரும்பினார்கள். சுஜா தயாராக வைத்திருந்ததைச் சொன்னாள். "சின்னப் புள்ளியெல்லாம் சாஃப்ட்வேர் தூசின்னு எடுத்துரும் அத்தே. நான் கவனிக்கல்ல."

வடிவம்மாளுக்கு இது விளங்கவில்லை. சின்ன மருமகளைத் திரும்பிப் பார்த்தாள். ஸ்நேகா இடுப்பில் அம்முவோடு நின்று போர்டைப் பார்த்துக்கொண்டிருந்தாள். முதலில் கன்னத்தைப் பார்த்தாள். அப்புறம் கண்ணைப் பார்த்தாள். கண்மணிக்குள் இருந்த அந்த வெள்ளைப் புள்ளிகளை ரொம்ப நேரம் பார்த்தாள். பிறகு சுஜாவைப் பார்த்தாள்.

சுஜாவுக்குப் புரிந்துவிட்டது. அந்த ஹாலில் இத்தனை பேர் இருந்தும் இதைக் கண்டுபிடிக்கத் தெரிந்தவள் ஒருத்திதான். அந்த ஒருத்தி வாயைத் திறந்தால் தீர்ந்தது. கொஞ்ச நேரத்துக்கு முன்னால் கிடைத்த பெயர், அதற்கும் முன்னால் கோயில் பிராகாரத்தில் கிடைத்த பெயர், எல்லாம் போகும். குழந்தை கன்னத்துப் பொட்டை அழித்தவள் என்பதுதான் சாகிறவரைக்கும் நிற்கும்.

"ஆமா அத்தே," என்றாள் ஸ்நேகா. "அப்படித்தான் ஆகும். எனக்கும் ஆகியிருக்கு."

அதோடு வடிவம்மாள் அடங்கிவிட்டாள். கேக் வெட்டினார்கள். சுஜா தன் பங்கு கேக்கைத் தட்டோடு மேஜையில் வைத்துவிட்டாள்.

எல்லோரும் சாப்பிடப் போனபோது ஸ்நேகா பிள்ளைக்கு உடுப்பு மாற்ற மேடைக்குப் பின்னால் இருந்த அறைக்குப் போனாள். சுஜா அவள் பின்னாலேயே போய்க் கதவைச் சாத்தினாள்.

"ஏன் அப்படிச் சொன்னே?"

"எதை?"

"உனக்குத் தெரியும்."

ஸ்நேகா அம்முவின் கையைச் சட்டையிலிருந்து உருவிக்கொண்டே, நிமிராமல் பேசினாள். "கண்ணுக்குள்ள இருக்கிற வெள்ளைப் புள்ளி பொட்டைவிட ரொம்பச் சின்னது அக்கா. அது நிக்குது, பொட்டு மட்டும் போயிருக்கு. சாஃப்ட்வேர் அப்படி ஆளு பார்த்து எடுக்காது."

மாட்டிக்கொண்டவளுக்கு இரண்டே வழி, ஒன்று அழுவது, இன்னொன்று கத்துவது. சுஜா கத்தினாள்.

"ஆமாட்டி, நான்தான் எடுத்தேன்! வேணும்னுதான் எடுத்தேன். உனக்கு எல்லாம் இருக்கு. படிப்பு இருக்கு, வேலை இருக்கு, எனக்கு வராத அத்தை உனக்கு வந்து நிக்கா. எனக்குன்னு அந்த ஒத்த மெஷினுதான் இருந்தது. அதையும் நீ டைம் பாஸுன்னு வாங்கி வச்சே. எரியுதுட்டி எனக்கு. உன் பேரைக் கேட்டாலே எரியுது!"

அம்மு விளையாட்டென்று நினைத்து இரண்டு பல்லையும் காட்டியது. ஸ்நேகாவின் முகம் வெளுத்திருந்தது. அவள் திருப்பிக் கத்தியிருந்தால் சுஜாவுக்கு எவ்வளவோ நிம்மதியாக இருந்திருக்கும். அவள் கத்தவில்லை.

சுஜாவின் கண் அம்முவின் கன்னத்தில் போய் நின்றது. இன்றைக்கு அங்கே பொட்டு இல்லை. "இன்னைக்கு ஏன் வைக்கல்ல?" என்று கேட்டாள்.

"கேமராமேன் வேண்டாம்னார். நான் சாதாரணமா வைக்கிறதே இல்ல அக்கா."

"அப்ப அன்னைக்கு?"

ஸ்நேகா குனிந்து அம்முவின் சட்டைப் பித்தானைப் போட ஆரம்பித்தாள். சாத்திய கதவும், "வேண்டாம் அத்தே" என்ற குரலும், வடிவம்மாளின் விரல் நுனியில் இருந்த மையும் சுஜாவுக்கு ஒன்றாக நினைவு வந்தன. அங்கிருந்த பிளாஸ்டிக் நாற்காலியில் உட்கார்ந்தாள்.

"நான் வாறேன்னுதானே அத்தை வச்சா?"

"நான் சண்டை போட்டேன் அக்கா," என்றாள் ஸ்நேகா. இப்போதுதான் அவளுக்குக் குரல் உடைந்தது. "சத்தியமா சண்டை போட்டேன். சுஜாக்கா அப்படிப்பட்ட ஆளு இல்லன்னு சொன்னேன்."

மாமியார் தன்னைக் கண் போடுகிறவள் என்று நினைத்தது சுஜாவைச் சுட்டது. ஆனால் அதைவிட இதுதான் சுட்டது. வடிவம்மாள் சொன்னது சரி, ஸ்நேகா சொன்னது தப்பு. அந்தத் தப்பை நம்பித்தான் ஸ்நேகா போன் செய்து, "நீங்கதான் செஞ்சு தரணும்" என்று கேட்டிருக்கிறாள். இதில் பழைய சேலையும் இல்லை, விஷமும் இல்லை. அவளுக்கு நிஜமாகவே முகம் வரவில்லை, அவ்வளவுதான். சுஜாவுக்கு அழுகை வந்தது. அழுதாள். முந்தானையை வாயில் அடைத்துக்கொண்டு, வெளியே பந்தியில் கேட்காமல் அழுதாள்.

ஸ்நேகா டயப்பர் பையைத் துழாவி மைச் சிமிழை எடுத்தாள். மூடியைத் திறந்து நீட்டினாள்.

"நீங்க வைங்க அக்கா."

"நானா?"

"அத்தை வைக்கவேண்டாம். நீங்களே வைங்க. போர்டுல அப்புறம் ஒட்டிக்கலாம்."

சுஜா அவளை நிமிர்ந்து பார்த்தாள். இதிலும் இவள்தான் ஜெயித்தாள் என்று உள்ளே ஒன்று சுருக்கென்று குத்தியது. பாருங்கள், அழுகை இன்னும் நிற்கவில்லை, அதற்குள் மறுபடியும் அது! இது போகாது என்று அவளுக்குத் தெரிந்தது. இன்று போகாது, நாளைக்கும் போகாது, ஸ்நேகா இன்ஸ்டாகிராமில் இன்னொரு படம் போடுகிற அன்றைக்கு வீட்டுக் கதவு மறுபடியும் அடிபடும்.

சிமிழில் மோதிர விரலை நன்றாகத் தோய்த்தாள். அம்முவின் முகவாயைப் பிடித்துக்கொண்டு இடது கன்னத்தில் வைத்தாள். வட்டமாக, ஓரம் பிசகாமல் வைத்தாள். போதும் என்று பட்டும் விடவில்லை. இன்னொரு சுற்றுச் சுற்றினாள், அப்புறம் இன்னொரு சுற்று. கறுப்பு வட்டம் எட்டணா அளவுக்கு வந்துவிட்டது.

"அய்யோ அக்கா," என்று ஸ்நேகா கண்ணீரோடு சிரித்தாள். "இத்தனை பெரிசு எதுக்கு?"

சுஜா விரலை முந்தானையில் துடைத்துக்கொண்டாள்.

"என் கண்ணுக்கு இவ்வளவு வேணும்ட்டி," என்றாள்.